ஏழாம் மாதச் சோற்றுக்குப் போன தாய்மீன்

என் அக்காவின் ஏழாம் மாதச் சோற்றில் இருந்த மீன், நான் ஊசி போட்டு வளர்த்த மீன். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். கல்லூரியில் என்னோடு படித்த ஒருவன் போனில் மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு, "டேஸ்ட்டு எப்படில இருந்துச்சு?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவனோடு நான் பேசவில்லை.

முத்தையாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, உப்பளங்களுக்கு நடுவே போகிற மண்சாலையில் கடலைப் பார்த்து நடந்தால் நான் வேலை பார்க்கிற இடம் வரும். கொடுவா மீன் குஞ்சு பொரிக்கிற தனியார் பண்ணை. ஊரில் ஹேச்சரி என்பார்கள். தாய்மீன்களைப் பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் வைத்து முட்டையிடச் செய்து, குஞ்சுகளை வளர்ப்புக்காரர்களுக்கு விற்பது தொழில். எங்கள் குடும்பத்தில் கடலைத் தொடாத ஆள் கிடையாது. ஆனால் கடலைப் புத்தகத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்; அவருக்கும் அம்மாவுக்கும் கைநாட்டுதான். அக்கா தொடக்கப் பள்ளியோடு நின்றாள். கைக்குழந்தையாக இருந்த என்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பிறகு இறால் கம்பெனிக்குப் போய், ஐஸ் தண்ணீரில் கை விறைக்கத் தோலுரித்தாள். நான் மீன்வளம் படித்தேன்.

எங்கள் மேனேஜர் நாசரேத் பக்கம். அவருடைய அப்பா வாத்தியார், தாத்தாவும் வாத்தியார். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். கத்த மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். வெளியூரிலிருந்து யாராவது பண்ணையைப் பார்க்க வந்தால் என் தோளில் கை போட்டு, "இந்தத் தம்பி முத்துக் குளிச்ச பரம்பரை. இப்ப நம்மகிட்ட மைக்ராஸ்கோப்புக்குள்ள குளிக்கிறான்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். என் தாத்தா குளித்தது சங்குக்கு. காது செவிடாகிச் செத்தார். அதை ஒருமுறை சொன்னேன். "ஓ, ஈஸ் இட்?" என்றுவிட்டு அவர்களை அடுத்த தொட்டிக்குக் கூட்டிப்போனார்.

நான் சேர்ந்த நாளிலிருந்தே பண்ணையில் ஒரு தொந்தரவு இருந்தது. பொரிக்கிற குஞ்சுகள் ஒரு வாரம் தாண்டாது. காலையில் வந்து பார்த்தால் தொட்டியின் அடியில் சாம்பல் தூவியது போல் படிந்து கிடக்கும். விப்ரியோ என்கிற கடல் கிருமி. மேனேஜரிடம் அதற்கு ஒரே பதில் மஞ்சள் பொடி. ஆன்டிபயாடிக். முட்டைத் தொட்டியில் ஒரு கை, பொரித்ததும் ஒரு கை, செத்தால் இரண்டு கை. தண்ணீர் மஞ்சளாகி, குழாய் வழியாகக் கால்வாய்க்குப் போய், கால்வாய் கடலில் சேரும். சேர்கிற இடத்தில் மீன் கூட்டம் நிற்கும் என்று எங்கள் தெரு ஆட்கள் அங்கேதான் தூண்டில் போடுவார்கள். பொடிக்குப் பழகிய கிருமிகள் பிழைத்துக்கொண்டன, குஞ்சுகள் செத்தன. பொடியைக் கூட்டினார்கள்.

மீன் முட்டையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிருமி இல்லாத கடல் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அந்தத் தண்ணீரில், கடுகைவிடச் சின்னதாக, கண்ணாடி போல மிதக்கிறது ஒரு முட்டை. தன்னந்தனியாக. ஆனாலும் கடலில் மீன் குலம் அழிந்துவிடவில்லை. ஏனென்றால் முட்டைக்குள் கிருமியின் சுவரைக் கரைக்கிற ஒரு புரதம் இருக்கிறது. நம் கண்ணீரிலும் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவிலும் இருக்கிற அதே வகை. கருவுக்கு உணவாகிற புரதம் தாயின் ஈரலில் உண்டாகி, இரத்தத்தோடு வந்து சினையில் இறங்குகிறது. கிருமியைப் பற்றிப் பிடிக்கும் வேலையையும் அதுவே செய்கிறது. இவற்றோடு, தாய் எந்த நோயைச் சந்தித்துத் தேறியதோ அந்த நோயை அடையாளம் காண்கிற எதிர்ப்புப் பொருளும் கொஞ்சம் கூடவே போகிறது. பொரித்த குஞ்சுக்கு அதைத் தானாக உண்டாக்கிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அம்மா கட்டிக் கொடுத்ததை வைத்துத்தான் பிழைப்பு. கொடுவா பால் கொடுப்பதில்லை, காவல் நிற்பதில்லை. முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். கொடுக்க நினைப்பதையெல்லாம் போவதற்கு முன்பே உள்ளே வைத்துவிட வேண்டும்.

எங்கள் தாய்மீன்களிடம் வைப்பதற்கு என்ன இருந்தது? மீன்தூள் கம்பெனிக்குப் போகிற, வயிறு வெடித்த சாளை மீனைத்தான் அவற்றுக்குப் போட்டோம்.

"சார், முட்டைக்கு மருந்து போடுறத விட்டுட்டு அம்மாவக் கவனிப்போம்" என்று மேனேஜரிடம் கேட்டேன். நல்ல சாளை வேண்டும். எங்கள் தொட்டியில் இருக்கிற அதே விப்ரியோவைப் பிடித்து, கொன்று, அதைத் தாய்மீனுக்கு ஊசியாகப் போட வேண்டும். தாயின் உடம்பு பழகிக்கொள்ளும், முட்டைக்கும் போகும். அந்த முட்டையை மஞ்சள் பொடி போடாத தொட்டியில் பொரிக்க விட்டுப் பார்க்க வேண்டும். பல மாதம் கேட்டேன். கடைசியில், அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது போல ஒரு மீனைக் கொடுத்தார். மூலைத்தொட்டியில் தனியாகக் கிடந்த பெரிய மீன். வாலில் ஒரு ஓரம் கடிபட்டுப் பிய்ந்திருக்கும். கொடுவா முதலில் ஆணாக இருந்து, சில வருஷம் கழித்துத்தான் பெண்ணாக மாறும். அதனால் அந்த அளவுக்கு ஒரு தாய்மீன் சும்மா கிடைத்துவிடாது.

தொட்டி வேலைக்கு முத்தையாபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். எனக்கு அவர் அண்ணாச்சி. கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மீனை மயங்க வைத்து, ஈரச் சாக்கில் அவர் பிடித்துக்கொள்ள, நான் வயிற்றில் ஊசி போட்டேன்.

"இந்தா, கண்ண முழிக்கா. மாப்பிள்ளை யாரு, வந்து பாக்கச் சொல்லும்" என்றார்.

"பேசாம பிடியும் அண்ணாச்சி."

"கோவத்தப் பாரு. ஊசி அவளுக்கா, உமக்கா?"

சில வாரம் இடைவெளி விட்டு இரண்டாவது ஊசியும் போட்டோம். என் சம்பளத்தில் வள்ளத்துக்காரர்களிடம் நல்ல சாளை வாங்கிப் போட்டேன். வயிறு மெல்ல உருண்டு வந்தது. வருகிற அமாவாசைக்கு முட்டையிட வைக்கலாம் என்று இருந்தேன். பொடி இல்லாத ஒரு தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயப் போட்டிருந்தேன்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். மீன் சினை விடட்டும் என்று விசைப்படகுகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அக்காவுக்கு ஏழாம் மாதம்.

எங்கள் தெருவில் ஏழாம் மாதத்துக்குத் தாய்வீட்டில் சோறு ஆக்கிப் போடுவார்கள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு எல்லாம் உண்டு. ஆனால் இலையில் முதலில் விழ வேண்டியது சினைமீன். சினையை உடையாமல் எடுத்து, மஞ்சளும் மிளகும் தடவிப் பொரித்து, வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு வைப்பார்கள். அவள் பிட்டு வாயில் போட்ட பிறகுதான் மற்றவர்கள் சோற்றில் கை வைக்கலாம். சினையில்லாமல் போட்ட சோறு எங்களுக்குச் சோறே இல்லை. அதுவும் அக்காவுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து நின்ற பிள்ளை. அம்மா ஏலக்கூடத்துக்கு அலையோ அலை என்று அலைந்தாள். தடையில்லாத சின்ன வள்ளங்கள் கொண்டு வந்ததெல்லாம் பொடி மீன். பெரியது ஒன்றிரண்டு வந்தாலும் வெளியூர் வியாபாரி ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான்.

ஒரு காலையில் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே அம்மா கேட்டாள்.

"ஏலே, நீ வளக்குதியே அந்த மீனு. சினையாத்தான கெடக்குன்ன?"

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. கேட்டேன்."

"எம்மா, அது திங்குத மீனு இல்ல."

"திங்காத மீனு எங்கனல இருக்கு?"

விளக்கிச் சொன்னேன். ஊசி, கிருமி, முட்டை, குஞ்சு எல்லாம். அம்மா துருவுவதை நிறுத்தாமல் கேட்டாள். "அவ்வளவு சத்தா அதுல?" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நான் சொன்னதிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் மேனேஜர் என்னை ஒரு சாமான் வாங்க ஆறுமுகநேரிக்கு அனுப்பினார். போன இடத்தில் காக்க வைத்துவிட்டார்கள். அன்றுதான் அக்காவுக்குச் சோறு; நேரமாகிவிட்டதே என்று அங்கிருந்து பண்ணைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தேன். தெருமுனையிலேயே பொரித்த வாசம். வாசலில் செருப்புகள். உள்ளே நுழைந்ததும் அம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"ஒங்க மேனேஜரு தங்கமான மனுசன்டா மக்கா! போயி நின்னதுதான். 'அம்மா, நீங்க ஏன் வெயில்ல வந்தீய, சொல்லி விட்டா கொடுத்துவிட மாட்டேனா'ன்னாவ. பனிக்கட்டி போட்டு, வண்டி வச்சுல்லா அனுப்புனாவ!"

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் குசினிக்குப் போனேன். அருவாமனை பக்கத்தில் வாழையிலையில் தலையும் வாலும் ஒதுக்கி வைத்திருந்தது. வாலில் ஒரு ஓரம் பிய்ந்திருந்தது.

என்ன கத்தினேன் என்று முழுதும் நினைவில்லை. சொந்தக்காரர்கள் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "யாரக் கேட்டுப் போன?" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தியது நினைவிருக்கிறது. அவள் சிரித்த முகம் அப்படியே நிற்க, "ஒன் மீனுதானல, அந்நியத்தார்ட்டயா வாங்குனேன்?" என்றாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அக்கா இலைக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல். பொரித்த சினை இலையில் இருந்தது. இன்னும் பிட்டிருக்கவில்லை. அம்மா என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அவள் குரல் மாறியிருந்தது.

"ஊசி போட்டன்னியே. தின்னா பிள்ளைக்கு எதும் ஆயிருமால?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆகிவிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த இலை அப்படியே மடிந்து குப்பைக்குப் போகும். அம்மா ஆயுசுக்கும் இனி என் பண்ணை வாசலை மிதிக்க மாட்டாள். வாய் வரை வந்தது. அந்த ஆத்திரத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆனால் நான் போட்டது செத்த கிருமி. முட்டையிட வைக்கிற ஹார்மோன் ஊசியை அமாவாசைக்கென்று வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது உண்மை ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் நான் படித்ததற்கு அர்த்தம் இல்லை.

"ஒண்ணும் ஆவாது. திங்கச் சொல்லு" என்றேன்.

அக்கா பிட்டு வாயில் போட்டாள். மென்றுகொண்டே, "இந்தத் தாய் மீனு அதும் பிள்ளைக்கு வச்சதெல்லாம் இப்போ எம்பிள்ளைக்குப் போவுமால?" என்று கேட்டாள்.

"போவாது. வயித்துல செரிச்சுரும்."

"பொறவு எனக்கு எப்படி?"

"ஆஸ்பத்திரில ஒனக்கு ஊசி போட்டாவள்லா, அதுதான். ஒன் ரத்தத்துல இருந்து பிள்ளைக்குப் போவும்."

"போட்டாவதான். கை வீங்கிப் போச்சு. மீனைப் பிடிச்சு ஊசி போட்டு அது முழிக்குத வரைக்கும் நிக்குதியாமே, அம்மா சொன்னா. என்கூட ஒரு நாள் வந்து நின்னியாலே?"

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "நல்லாக் கேளு ஏளா!" என்றது ஒரு குரல். நானும் விடவில்லை. "ஒனக்குப் புருசன் இருக்காரு, அம்மா இருக்கா. அந்த மீனுக்கு யாரு இருந்தா?" என்றேன். சிரிப்பு அடங்கியது. சொன்னதற்காக இப்போதும் எனக்கு வருத்தமில்லை.

சினை இரண்டு மடல்களாக இருக்கும். பொரித்தது ஒன்றைத்தான். இன்னொன்றை மறுநாளைக்கென்று அம்மா பனிக்கட்டியில் வைத்திருந்தாள். நான் அதை எடுக்கப் போனபோது, "அது அவளுக்குல!" என்று அம்மா கையைத் தட்டிவிட்டாள். அக்காதான் உள்ளேயிருந்து, "கொண்டு போவட்டும்மா. இல்லன்னா இவன் இதையே நம்ம பிள்ளைக்குக் கல்யாணம் ஆவுத வரைக்கும் சொல்லிட்டே இருப்பான்" என்றாள். சாப்பிடாமல் பண்ணைக்குப் பஸ் ஏறினேன். பனிக்கட்டி உருகி மடியில் ஒழுகிக்கொண்டே வந்தது.

சோதனை மிகச் சாதாரணமானது. கொன்ற கிருமியைக் கரைத்த ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்தால் தண்ணீர்ப் பால் போல இருக்கும். அதில் சினையை அரைத்து வடித்த சாறு ஒரு சொட்டு விட்டு, கண்ணாடியை மெல்ல ஆட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். எதிர்ப்புப் பொருள் இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதலில், முன்பே எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த வேறொரு தாய்மீனின் முட்டைச் சாற்றை விட்டேன். எவ்வளவு ஆட்டியும் பால் பாலாகவே இருந்தது. அடுத்து என் மீனின் சாறு. ஆட்டத் தொடங்கியதுமே ஓரத்தில் மணல் மணலாகத் தெரிந்தது. பிறகு மொத்தமும் திரிந்தது. காய்ச்சிய பாலில் எலுமிச்சை பிழிந்தது போல.

அவள் வைத்துவிட்டிருந்தாள். குஞ்சுக்கு வைக்க வேண்டியதை உள்ளே வைத்து முடித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டு அருவாமனைக்கு வந்திருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை, கண்ணாடியைச் சுவரில் எறிய வேண்டும் போல இருந்தது. எறியாமல் மேனேஜர் அறைக்குக் கொண்டு போனேன்.

அவர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வெரி இன்ட்ரஸ்டிங். ஆனா தம்பி, ஒரே ஒரு மீன வச்சு என்ன சொல்ல முடியும்? சயின்ஸ்னா நம்பர் வேணும்லா?"

அது சரிதான். எரிச்சலே அதுதான்.

"அந்த ஒரு மீனையும் சமையலுக்குக் கொடுத்தது யார் சார்?"

"உங்கம்மா வெயில்ல வந்து நின்னாங்கப்பா. பெத்தவங்க கேட்டு இல்லன்னு சொல்ல முடியுமா? உன்மேல உள்ள பிரியத்துலதான் செஞ்சேன்."

பிரியம். என்னை ஆறுமுகநேரிக்கு அனுப்பியது தற்செயலா, நான் இருந்தால் தகராறு வரும் என்றா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என் ஆராய்ச்சியை அழிக்க நினைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அவர் அப்படி நினைக்கவே இல்லை. அழிப்பதற்கு அங்கே ஏதோ இருக்கிறது என்பதே அவருக்குத் தோன்றவில்லை. மீனவன் மகன் ஒரு மீனை வைத்து விளையாடுகிறான், அவன் அம்மா கேட்டாள், கொடுத்தாயிற்று.

"இன்னொரு மீன் வேணும் சார்" என்றேன்.

"தாராளமா எடுத்துக்கோ. இதுக்கும் சோறு வச்சிராத" என்று சிரித்தார்.

மறுபடி முதலிலிருந்து. அதே மூலைத்தொட்டியில் இன்னொரு தாய்மீன், கிராம்பு எண்ணெய், ஊசி. வீட்டில் நான் அம்மாவோடு பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்; மீன் வைத்தால் ஒதுக்கிவிடுவேன். எங்கள் வீட்டில் மீனை ஒதுக்குவது காறித் துப்புவதற்குச் சமம். அம்மா அக்காவிடம் போய் என்னவோ கேட்டிருக்கிறாள். அக்கா தனக்குப் புரிந்த மாதிரி சொல்லியிருக்கிறாள்.

ஒரு காலை நான் தொட்டியடியில் நின்றிருந்தபோது வாசல் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் என்ன கேட்க வந்திருக்கிறாள்? அவள் யாரையும் எதையும் கேட்கவில்லை. முக்காட்டைச் சரி செய்துகொண்டு நேரே மூலைத்தொட்டிக்கு வந்தாள். மாதா கோயிலில் வைத்து எடுத்த நீல ரிப்பன் ஒன்றும் மாதா உருவம் பதித்த ஒரு சுரூபக் காசும் மடியில் இருந்தன. ரிப்பனைத் தொட்டியின் கம்பியில் கட்டி, சுரூபத்தைத் தொங்கவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அங்கே வேலையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இது மாதாவுக்கு நேந்த மீனு. முட்டை விடுத வரைக்கும் எவனும் தொடாதீய."

என்னைப் பார்க்காமலே போய்விட்டாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. எத்தனை வருஷம் படித்து, கண்ணாடியில் பால் திரிவதைக் காட்டி, கடைசியில் என் சோதனைத் தொட்டியில் நேர்ச்சை ரிப்பன். அவிழ்க்கப் போனேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்ம கட்டுனதை மவன் அவுக்காதீரும்" என்றார். விட்டுவிட்டேன்.

அடுத்த மாத அமாவாசைக்குச் சில நாள் முன்பு மேனேஜருக்கு வெளியூர் விருந்தாளிகள் வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய மீன் ஒன்று வேண்டும் என்று அவரே தொட்டிப் பக்கம் வந்து பார்த்தார். மூலைத்தொட்டியைக் காட்டி, "இதப் பிடிங்க" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி, "அது மாதாவுக்கு நேந்தது சார்" என்றார்.

"நீர் எப்பய்யா கிறிஸ்தவரா ஆனீரு?"

"நான் அம்மன் கும்பிடுதவன் சார். ஆனா மாதாட்ட எல்லாம் விளையாட முடியாது. எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு."

"அறிவு இருக்கா ஓய்? இது லேபா, கோயிலா?" அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "அத அவுத்து எறிஞ்சிட்டு வலையப் போடும்."

யாரும் அசையவில்லை. வலை தரையில் கிடந்தது. அண்ணாச்சி பவ்வியமாக, "அப்ப நீங்களே அவுத்துருங்க சார்" என்றார்.

மேனேஜர் ரிப்பனைப் பார்த்தார். சுரூபங்களில் நம்பிக்கை இல்லாத புராட்டஸ்டன்ட் வீட்டில் பிறந்தவர். அதை எங்களிடம் பலமுறை சொல்லிக் காட்டியவர். கை கொஞ்சம் நீண்டது. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சத்தமாக, ஓட்டலுக்கு ஆர்டர் சொன்னார்.

அமாவாசைக்கு ஹார்மோன் ஊசி போட்டு, ஆண்மீன்களை அவளோடு சேர்த்துவிட்டேன்; அவள் முட்டையிட்டாள். எண்ணெய்ச் சொட்டுகள் போல மேலே மிதந்தன. முகந்து, நான் கழுவி வைத்திருந்த தொட்டியில் விட்டேன். மஞ்சள் பொடி டப்பா தொட்டி விளிம்பில் இருந்தது. மேனேஜர் வைத்துவிட்டுப் போயிருந்தார். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. நான் திறக்கவில்லை. மறுநாள் பொரித்தன. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு காலையும் தொட்டியின் அடியைத்தான் முதலில் பார்த்தேன். கொஞ்சம் செத்திருந்தன. சாம்பல் படியவில்லை. பொடி போட்ட பக்கத்துத் தொட்டியில் படிந்தது.

ஒரு தொட்டி நிரூபணம் ஆகாது. எனக்கே தெரியும். ஆனால் பண்ணையில் எல்லாருக்கும் நிரூபணமாகிவிட்டது: மாதா காப்பாற்றினாள். அண்ணாச்சி தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லாத் தாய்மீன் தொட்டிக்கும் ரிப்பன் கட்ட வேண்டும் என்று வேலையாட்கள் கேட்டார்கள். பொழுதுக்கும் நல்ல சாளை கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்ட அதே அறையிலிருந்து, மேனேஜர் ஒரு சுருள் நீல ரிப்பனை வாங்கி அனுப்பினார். "லேபர் மொராலுக்கு நல்லதுதான் தம்பி" என்றார். அந்த மீனின் ஈரலும் இரத்தமும் செய்த வேலையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அன்றைய தீவனம் வந்து இறங்கியது. வயிறு வெடித்த சாளை. நாற்றம் உப்பளம் வரை அடித்தது.

"அண்ணாச்சி, இதையா போடப் போறீரு?" என்று கேட்டேன்.

"வேற எத?"

"மாதாவுக்கு நேந்த மீனுக்கு அழுகுனதப் போடலாமாவே?"

அவர் கூடையைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார். மற்றவர்களும் கையை எடுத்துவிட்டார்கள். கூடைகளை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் அறை வாசலில் வைத்துவிட்டு வரிசையாக நின்றார்கள். அன்று மாலையே வள்ளத்திலிருந்து புதுச் சாளை வந்தது. அடுத்த நாளும் வந்தது. இப்போதும் வந்துகொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. தட்டில் மீன் வைத்தாள். நான் ஒதுக்கவில்லை.

"ரிப்பன் பழசாயிட்டுன்னா சொல்லு" என்றாள்.

"அது ரிப்பனால இல்லம்மா" என்றேன். கத்தித்தான் சொன்னேன்.

"சரி. பழசாயிட்டுன்னா சொல்லு."